அந்தப் பாட்டு இதில் வராது: குழந்தையோடு இரண்டாம் பாகம் பார்க்கப் போகிறவர்களுக்கு

அனிமேஷன் இசைப்படம் ஒன்றின் இரண்டாம் பாகத்துக்குக் குழந்தையை அழைத்துப் போகத் தீர்மானித்த பெற்றோர் டிக்கெட்டை யோசிக்கிறார்கள், பார்க்கிங்கை யோசிக்கிறார்கள், பாப்கார்ன் விலையை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஒன்றை மட்டும் யோசிப்பதில்லை. குழந்தை எந்தப் பாட்டுக்காகத் துள்ளிக்கொண்டு கிளம்புகிறதோ, அந்தப் பாட்டு இந்தப் படத்தில் இருக்காது.

2013-இல் வந்த ‘ஃப்ரோஸன்’ படத்தில் கதாநாயகி எல்சா பனிமலையில் நின்று பாடும் பாட்டு ஆஸ்கர் வாங்கியது. அதற்குப் பிறகு அது ஏறாத மழலையர் பள்ளி மேடை இல்லை. 2019 நவம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது, அதே பாடலாசிரியர் தம்பதி புதுப் பாட்டுகளை எழுதியிருந்தார்கள். பழைய பாட்டுக்குக் கிடைத்த இடம், எல்சா தன் பழைய உருவம் பாடுவதைக் கண்டு முகம் சுளிக்கும் ஒரு கணம் மட்டும்தான். பெரியவர்கள் சிரித்தார்கள்; ஐந்து வயதுக்காரர்கள் ‘அந்தப் பாட்டு எப்போது வரும்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024-இல் வந்த ‘மோவானா 2’ படத்தில் பாட்டு எழுதிய கையே மாறிவிட்டது. முதல் படத்தின் புகழ்பெற்ற பாட்டுகளில் பெரும் பங்கு லின்-மனுவேல் மிராண்டாவுடையது. இரண்டாவதில் அவர் இல்லை. அபிகெய்ல் பார்லோ, எமிலி பேர் என்ற இரு இளம்பெண்கள் வந்தார்கள்.

ஆகவே ஏற்பாடுகளைப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். டிக்கெட் பிறகு.

ஒரு வாரத்துக்கு முன்னால்

முதல் பாகத்தை மறுபடி பார்ப்பது நல்லது, ஆனால் படத்துக்குப் போகும் நாளன்று வேண்டாம். காலையில் வீட்டில் ஒரு படம், மாலையில் அரங்கில் ஒரு படம் என்றால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இரண்டாவதன் நடுவில் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடும். மூன்று நான்கு நாள் இடைவெளி இருந்தால் கதையும் நினைவில் நிற்கும், ஆசையும் குறையாது. முழுப் படத்துக்கும் நேரமில்லையென்றால் கடைசி அரைமணி நேரம் போதும். இரண்டாம் பாகம் பெரும்பாலும் அந்த முடிவிலிருந்துதான் கிளம்பும்.

அடுத்தது புதுப் பாட்டுகள். இத்தகைய படங்களின் பாட்டுத் தொகுப்பு படத்தை ஒட்டியோ சற்று முன்னதாகவோ வெளிவந்துவிடும். ‘ஃப்ரோஸன் 2’ பாட்டுகள் படத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டன. அதில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, சமையல் நடக்கும்போதும் காரில் போகும்போதும் ஒலிக்கவிடுங்கள். ஒலி மட்டும் போதும், வீடியோ வேண்டாம். காட்சியை முன்கூட்டியே காட்டிவிட்டால் அரங்கில் பார்க்க மிச்சம் இருக்காது. முன்பே காதில் விழுந்த பாட்டு பெரிய திரையில் எழும்போது, இருட்டில் உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்து ‘இது எனக்குத் தெரியும்’ என்று ஒரு குரல் வரும். மற்ற சிரமங்களுக்கெல்லாம் அது ஈடு.

கூடவே நேராகச் சொல்லிவிடுங்கள்: ‘அந்தப் பழைய பாட்டு இதில் இல்லை, இதில் வேறு பாட்டு.’ குழந்தைக்கு ஏமாற்றம் வீட்டிலேயே வந்து வீட்டிலேயே தீர்ந்துவிடும். என் மகள் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள், பிறகு புதுப் பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிட்டாள்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

இதில் பெற்றோரின் கௌரவத்தை நுழைக்காமல் முடிவெடுப்பது கடினம், ஆனால் அவசியம். ‘ஆங்கிலத்தில் பார்த்தால் ஆங்கிலம் வரும்’ என்ற கணக்கு இரண்டு மணி நேரப் படத்துக்குப் பொருந்தாது. வசனம் புரியாத குழந்தை பாட்டு வரும்வரை பொறுமையாக இருக்காது. நாற்காலியின் அடியில் ஒட்டியிருக்கும் சூயிங்கத்தை ஆராயத் தொடங்கும்.

பெரிய படங்களின் தமிழ்ப் பதிப்புகளுக்கு இப்போது தெரிந்த குரல்களையே அழைக்கிறார்கள். ‘ஃப்ரோஸன் 2’ தமிழில் எல்சாவாகப் பேசியவர் ஸ்ருதி ஹாசன், தங்கை ஆனாவாக திவ்யதர்ஷினி, பனிமனிதன் ஓலாஃபாக சத்யன். 2019-இல் வந்த ‘தி லயன் கிங்’ தமிழில் ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் செய்த அமர்க்களத்துக்கு அரங்கில் பெரியவர்களே அதிகம் சிரித்தார்கள். தாத்தா, பாட்டி கூட வருகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், தமிழ்தான்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. குழந்தை முதல் பாகத்தை ஆங்கிலத்தில் பார்த்து, பாட்டுகளை ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்து, எல்சாவின் குரல் என்றால் அந்தக் குரல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஆங்கிலத்துக்கே போங்கள். குரல் மாறினால் சில குழந்தைகள் ‘இது எல்சா இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

எந்த மொழியானாலும் வீட்டில் ஒலிக்கவிடும் பாட்டும் அதே மொழியில் இருக்கட்டும். முன்பதிவுச் செயலியில் ஒரே படம் ‘தமிழ் 2டி’, ‘தமிழ் 3டி’, ‘ஆங்கிலம் 2டி’, ‘ஆங்கிலம் 3டி’ என்று தனித்தனியாக வரும். அவசரத்தில் மேலே இருப்பதைத் தட்டிவிடாதீர்கள்.

பயமும் அழுகையும்

தணிக்கைச் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘யு’ என்றால் எல்லோரும் பார்க்கலாம். முன்பு ஒரே பிரிவாக இருந்த ‘யு/ஏ’ இப்போது வயதுவாரியாக 7+, 13+, 16+ என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த வயதுக்குக் குறைந்த குழந்தை பார்க்கலாமா என்பதைப் பெற்றோர் முடிவுசெய்ய வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

சான்றிதழ் வன்முறையைப் பற்றிச் சொல்லும், துக்கத்தைப் பற்றிச் சொல்லாது. இந்தப் படங்களில் குழந்தைகளை உலுக்குவது துக்கம்தான். ‘ஃப்ரோஸன் 2’-இல் ஓலாஃப் ஆனாவின் மடியில் துகள்துகளாகக் கரைந்து மறைகிறான். அதற்குப் பிறகு ஆனா இருண்ட குகையில் தனியாக உட்கார்ந்து பாடுகிறாள். ‘மோவானா 2’-இல் மோவானா மின்னல் தாக்கிக் கடலுக்கடியில் உயிரற்றுக் கிடக்கிறாள். இருவருமே மீண்டு வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நான்கு வயதுக்குத் தெரியாது.

என் கருத்து: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் முடிவைச் சொல்லிவிடலாம். ‘ஓலாஃப் காணாமல் போவான், ஆனால் திரும்பி வந்துவிடுவான்’ என்று முன்பே சொன்னால் சுவாரசியம் கெட்டுவிடாது. அந்த வயதில் குழந்தைகள் தெரிந்த கதையைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் சொல்லாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். என்ன சொல்வது என்று தெரிய, நீங்கள் கதைச் சுருக்கத்தை முழுவதும் படித்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இந்தப் படத்தில் திடீர்த் திருப்பம் எதுவும் தேவையில்லை.

டிக்கெட்

காலைக் காட்சி. இதில் விவாதமே இல்லை. குழந்தை தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டு, தெளிவாக இருக்கும் நேரம் அது. டிக்கெட் எளிதாகக் கிடைக்கும், அரங்கில் பாதிப் பேர் குழந்தைகளாக இருப்பார்கள், உங்கள் குழந்தை கேள்வி கேட்டால் யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். இரவுக் காட்சிக்கு அழைத்துப் போனால் தூங்கும் குழந்தைக்கும் சேர்த்துக் காசு கொடுத்ததாகத்தான் ஆகும்.

இத்தகைய படங்களுக்கு நம் ஊர்களில் நிறைய திரைகள் தருவதில்லை. வெள்ளிக்கிழமை பெரிய தமிழ்ப் படம் ஒன்று வந்துவிட்டால் காட்சிகள் சட்டென்று சுருங்கிவிடும். ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது ஆபத்து. முதல் சனி, ஞாயிறு சரியாக இருக்கும்.

மல்டிபிளெக்ஸ்களில் பொதுவாக மூன்று வயது நிறைந்த குழந்தைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயதென்றால் மடிதான். மூன்று வயதுக்குக் கீழே அழைத்துப் போகவே வேண்டாம் என்பேன். காரணம் காசு அல்ல, ஒலி. திரையரங்க ஒலியமைப்பை 85 டெசிபல் என்ற அளவை அடிப்படையாக வைத்துச் சரிசெய்கிறார்கள். உச்சக் காட்சிகளில் அதற்கு மேலும் 20 டெசிபல் எகிற இடம் வைத்திருக்கிறார்கள். எல்லா அரங்கிலும் அந்த அளவுக்கு வைப்பதில்லை என்றாலும் சிறு காதுக்கு அது அதிகம். ஒலிக்குக் கூசும் குழந்தையென்றால் காதை மூடும் மஃப் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு உதவாது.

3டி வேண்டாம். கண்ணாடி பெரியவர்கள் மூக்குக்குச் செய்தது, குழந்தையின் மூக்கில் நிற்காது. படம் முழுக்க ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது உங்கள் வேலையாகிவிடும். கழற்றினாலோ திரையில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். போதாததற்கு வண்ணமும் மங்கும்.

இருக்கை நடுவிலிருந்து சற்றுப் பின்னால், நடைபாதையை ஒட்டி இருக்கட்டும். ஓரத்தில் நீங்கள், அடுத்து குழந்தை. நடுவரிசையின் நடு இருக்கை பெரியவர்களுக்கு நல்லது; குழந்தை ‘ஒன்றுக்கு’ என்று சொன்ன பிறகு பதினொரு ஜோடி முழங்கால்களைத் தாண்டி வெளியே போக வேண்டியவருக்கு நல்லதல்ல.

பையில் என்ன?

ஒரு ஸ்வெட்டர் அல்லது மெல்லிய போர்வை. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே ஏசி அரைமணி நேரத்தில் குழந்தையின் கால்களைச் சில்லிடவைத்துவிடும். ஒரு மாற்று உடை, கைத்துண்டு, ஈரத் திசுத்தாள்.

வெளி உணவைப் பெரும்பாலான அரங்குகள் அனுமதிப்பதில்லை, தடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் நமக்குப் பயன்படும் இரண்டு விஷயங்களும் உண்டு: குடிநீரை அரங்கு இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அதற்குத் தேவையான உணவை நியாயமான அளவில் கொண்டுவரலாம். பால் புட்டியை வாசலில் தடுத்தால் கூச்சல் போடாமல் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பாப்கார்ன் விஷயத்தில் கவனம். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். வெடிக்காத சோளமும் உமியும் தொண்டையில் சிக்கும். அந்த வயதுக்குப் பாப்கார்ன் ஆகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் சொல்கிறது. இருட்டில், சிரித்துக்கொண்டே, படுத்தவாக்கில் தின்னும் குழந்தைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பெரிய குழந்தைக்கும் சின்ன டப்பா போதும். பெரிய டப்பாவில் பாதி தரைக்குத்தான் போகும்.

உடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோரிக்கை வந்தே தீரும்: ‘நான் எல்சா கவுன் போட்டுக்கொண்டுதான் வருவேன்.’ போடட்டும். ஆனால் தரையில் புரளும் மேலங்கியோடு எஸ்கலேட்டரில் ஏற்றாதீர்கள். படிகள் மடியும் இடத்தில் துணி சிக்கும். லிஃப்ட்டைத் தேடிப் போங்கள். கிரீடமும் மந்திரக்கோலும் உங்கள் பையில் இருக்கட்டும், பின்வரிசைக்காரரின் கண் முக்கியம்.

உள்ளே

காட்சி நேரத்துக்குச் சரியாகப் போனால் போதும் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், விளம்பரம்தானே ஓடும் என்று. குழந்தையோடு போகும்போது இருபது நிமிடம் முன்பே போங்கள். முதலில் கழிப்பறை. அப்பாவும் மகளும், அம்மாவும் மகனும் போகும்போது எந்தக் கதவு என்ற குழப்பம் வரும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை தனியாக இருந்தால் பணியாளரிடம் கேட்டு அதைப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் மறுப்பதில்லை. இல்லையென்றால் பெண் பணியாளர் ஒருவரின் உதவியைக் கேளுங்கள். இதையெல்லாம் படம் தொடங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொண்டால் நடுவில் ஓட வேண்டாம்.

பிறகு நாற்காலி. மடங்கும் இருக்கைகளில் ஒரு வில் இருக்கும். எடை குறைந்த குழந்தை பின்னால் சாய்ந்ததும் இருக்கை மெல்ல மேலெழும்பி, முழங்கால் முகவாயைத் தொடும் அளவுக்கு அதை மடக்கிவிடும். ‘அப்பா, நாற்காலி என்னைக் கடிக்கிறது’ என்று என் மகள் புகார் சொன்னது இதைத்தான். சில மல்டிபிளெக்ஸ்களில் குழந்தைகளுக்கு உயர்த்தும் மெத்தை தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் குழந்தைக்குப் பின்னால், இருக்கையும் முதுகுப்பகுதியும் சேரும் இடத்தில் கனமான பையை வைத்துவிட்டால் வில் அடங்கிவிடும். சாய்வு இருக்கையென்றால் கால்தாங்கியை இயக்கும் பொத்தானைக் குழந்தையின் கைக்கு விடாதீர்கள். மடங்கும்போது இடுக்கில் விரலோ காலோ மாட்டிக்கொள்ளும்.

விளம்பரங்களுக்கு நடுவே புகையிலை எதிர்ப்புக் குறும்படம் வந்தாலும் வரலாம். அதில் வரும் நோயாளிகளின் முகம் படத்தின் வில்லனைவிடக் குழந்தைகளை அதிகம் மிரட்டும். அப்போது போர்வையை முகத்தில் போட்டுக் கண்ணாமூச்சி ஆடலாம்.

படம் ஓடும்போது குழந்தை கூடவே பாடினால் தடுக்காதீர்கள். காலைக் காட்சியில் அது இயல்பு. பேச்சு மட்டும் காதோடு இருக்கட்டும். ஆனால் அது பாடும் அழகை ஸ்டேட்டஸில் போடக் கைபேசியைத் திரைப்பக்கம் நீட்டிவிடாதீர்கள். 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி அரங்கில் படத்தை அனுமதியின்றிப் பதிவுசெய்தால் மூன்று மாதத்திலிருந்து மூன்றாண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பாசத்தில் எடுத்தேன் என்பதற்குத் தனிச் சலுகை இல்லை. அரங்குக்கு வெளியே அட்டைப் படத்தின் முன் நிறுத்தி வேண்டுமளவு எடுத்துக்கொள்ளுங்கள்.

பயந்து அழுதால் ‘ஒன்றுமில்லை, பார்’ என்று திரைப்பக்கம் முகத்தைத் திருப்பாதீர்கள். தூக்கிக்கொண்டு வெளியேறும் கதவருகே போய் நில்லுங்கள். தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கும்போது அதே காட்சி சின்னதாகிவிடும். ஒரு பாட்டு தொடங்கியதும் தானாகவே ‘உள்ளே போகலாம்’ என்று சொல்லும். சொல்லாவிட்டால் வீட்டுக்குக் கிளம்புங்கள். கொடுத்த காசுக்காக உட்காரவைத்த குழந்தை அடுத்த முறை அரங்கு வாசலிலேயே மறிக்கும்.

இடைவேளையும் அதற்குப் பிறகும்

இந்தப் படங்களை எடுத்தவர்கள் இடைவேளையை நினைத்து எடுக்கவில்லை. ‘ஃப்ரோஸன் 2’ 103 நிமிடம், ‘மோவானா 2’ 100 நிமிடம். அமெரிக்காவில் ஒரே மூச்சில் ஓட்டுகிறார்கள். இங்கே நடுவில் வெட்டுவதால், சில நேரம் ஒரு பரபரப்பின் உச்சியிலேயே விளக்கு எரிந்துவிடும். குழந்தை படம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கலங்கலாம், இடைவேளை என்று ஒன்று உண்டு என்பதை முன்பே சொல்லிவையுங்கள். விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்து இரண்டேகால் மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வேறு எந்த வேலையும் வைக்காதீர்கள்.

இரண்டாம் பாதியில் பெரியவர்களுக்காகவே ஒரு பாட்டு இருக்கும். ‘ஃப்ரோஸன் 2’-இல் காட்டில் தனித்துவிடப்பட்ட ஆனாவின் காதலன் கிறிஸ்டாஃப், கலைமான்கள் சூழ நின்று, 1980-களின் காதல் பாட்டு வீடியோக்களைக் கேலிசெய்து உருகுகிறான். எனக்கு அந்தப் படத்திலேயே பிடித்த இடம் அது. என் மகள் அந்த நேரத்தில்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாள். இரண்டாவது முறை எழுந்து போக நேர்ந்தால் இப்படி ஒரு பாட்டில் போங்கள், கதை காத்திருக்கும்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பணியாளர்கள் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, துடைப்பத்தோடு நிற்பார்கள். கிளம்பிவிடாதீர்கள். ‘ஃப்ரோஸன் 2’-இல் பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, ஓலாஃப் மொத்தப் படத்தையும் நடித்துக் காட்டும் காட்சி ஒன்று வருகிறது. அழுத குழந்தைகளையும் சிரிக்கவைத்துவிடும். ‘மோவானா 2’-இல் கூடுதல் காட்சி பெயர்களுக்கு நடுவிலேயே வருகிறது. அதுவரை பாட்டு ஒலிக்கும், நடைபாதையில் ஆட இடமும் இருக்கும். திரைக்குக் கீழே ஏற்கெனவே நான்கைந்து குழந்தைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். உங்களுடையதையும் அனுப்புங்கள்.

வெளியே வந்ததும் பொம்மைக் கடை. அந்த நேரத்தில் கேட்டதை வாங்கிக் கொடுக்காமல், ‘வீட்டுக்குப் போய் யோசிக்கலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். மறுநாளும் கேட்டால் வாங்கலாம். கவுன் வாங்குவதென்றால் ‘அடுத்த பாகத்துக்கும் ஆகும்’ என்று நம் வழக்கப்படி இரண்டு அளவு பெரிதாக வாங்கும் யோசனை மட்டும் வேண்டாம். ‘ஃப்ரோஸன் 3’ 2027 நவம்பரில் வரும் என்று டிஸ்னி அறிவித்திருக்கிறது, இரண்டாம் பாகத்துக்கு எட்டு ஆண்டுகள் கழித்து. அந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்கும் கவுனை இன்னும் யாரும் தைக்கவில்லை.